நான்கு முட்டைகளும் ஒரு நிழற்படமும்

என்னிடம் ஒரு நிழற்படம் இருக்கிறது. நான் எடுத்தவற்றுள் நேர்த்தியில் அதற்கு இணையான வேறொன்று இல்லை. கோடையில் வற்றிய கண்மாயின் உட்பரப்பு, வெடித்த களிமண், அங்கங்கே சரளைக் கற்கள், அவற்றின் நடுவே கற்களோடு கற்களாக நான்கு முட்டைகள். மண்ணின் நிறமும் கரும்புள்ளிகளும் கொண்ட அம்முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கிக் கூடியிருக்க, யாரோ அடுக்கிவைத்ததுபோல் கிடக்கின்றன. காலைச் சாய்வெயிலில் ஒவ்வொன்றின் நிழலும் தனித்தனியே விழுந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நண்பர் ஒருவர் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டே கொடுத்துவிட்டார். அந்தச் சட்டம் இப்போது என் அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறது. அதை மாட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊர்க் கண்மாயில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் எடுத்த படம் அது. முட்டைகள் ஆள்காட்டிப் பறவைக்கு உரியவை. நான் கரையிலிருந்து இறங்கியதுமே அது என்னைக் கண்டுகொண்டது. இணையோடு சேர்ந்து தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கியது. ஆளைக் காட்டிக்கொடுப்பதாலேயே அப்பெயர் பெற்ற பறவை அல்லவா, அதன் இயல்பு அதுதான் என்று எண்ணிக்கொண்டேன். முட்டைகளைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கண்டபின், படத்துக்கு இடைஞ்சலாகக் கிடந்த காய்ந்த புல்லையும் இரண்டு சுள்ளிகளையும் விலக்கினேன். தரையில் குப்புறப் படுத்து, கோணம் மாற்றிக் கோணம் மாற்றி, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தேன். கரையோரப் பனையில் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. நான் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள், பறவை அடைகாப்பதையும் எடுத்துவிடலாம் என்று போனேன். குழி காலியாக இருந்தது. ஓட்டுத் துணுக்குகள் மட்டும் கிடந்தன. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கீதாரி ஒருவர், நான் திகைத்து நிற்பதைப் பார்த்து வந்தார்.

"நேத்து நீங்க இங்க படுத்துக் கெடந்தத நானும் பாத்தேன் தம்பி. காக்காயும் பாத்துச்சுல்ல? எங்க ஆடு அம்புட்டும் அத மிதிக்காம வெலகித்தான் போகுது. மனுசன் ஒரு எடத்துல குனிஞ்சு கெடந்தா அங்க என்னமோ இருக்குன்னு காக்காய்க்குத் தெரியாதா?"

அவர் குரலில் கடுமை இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவரின் பரிவுதான் இருந்தது. அதனாலேயே அது இன்னும் அதிகமாகத் தைத்தது. நான் வராமல் இருந்திருந்தாலும் காகங்கள் அம்முட்டைகளைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம்தான். ஆனால் விலக்கிய புல்லை நான் திரும்ப எடுத்து வைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

பின்னர்தான் அப்பறவையைப் பற்றிப் படித்தேன். படம் எடுக்கும் முன் படித்திருக்க வேண்டும். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் 4 முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். நம் கோடையில் அடைகாத்தல் என்பது முட்டைக்குச் சூடு கொடுப்பது மட்டுமன்று. வெயிலிலிருந்து அதைக் காப்பதும்தான். உச்சிவெயிலில் பறவை முட்டைகளின்மேல் நிழலாக நிற்கும். நீரில் இறங்கி வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. அன்று அவை இரண்டும் என் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்த நேரம் முழுவதும், நிழலாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டிய உடல்கள் வானத்தில் இருந்தன. முட்டைகள் வெயிலில் கிடந்தன. நான் அழகு என்று எண்ணி எடுத்த அந்த நிழல், தாய் இல்லாத வெயிலின் நிழல்.

என் தவறைப் பொதுவிதியாக்கிப் பிறரைக் குறைசொல்வது நோக்கமன்று. ஆனால் இன்று ஊருக்கு ஊர் நீள்வில்லைக் காமிராவோடு ஏரிக்கரைகளில் நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, மகிழ்ச்சியோடு சிறு கலக்கமும் சேர்ந்தே வருகிறது. ஆகவே கூட்டைப் படமெடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம்.

பறவைகளைப் பார்ப்பது என்பதற்குச் சுடுவது என்றே பொருள் இருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பறவைகளை 435 ஓவியத் தட்டுகளில் தீட்டிய ஆடபன், தாம் வரைந்த பறவைகளைச் சுட்டு, கம்பி கொண்டு நிற்கவைத்தே வரைந்தார். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அம்மாபெரும் நூலின் உயிர்ப்பு, இறந்த உடல்களிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் துப்பாக்கியின் இடத்துக்குக் காமிரா வந்தது மனித குலத்தின் நல்ல மாற்றங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892-இல் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள். 1895-இல் அவர்கள் வெளியிட்ட பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள் பற்றிய நூல், முழுக்க நிழற்படங்களைக் கொண்டே விளக்கப்பட்டது. பறவைகள் அஞ்சாமல் இருக்க, மாட்டுத்தோலால் பொய்மாடு ஒன்று செய்து அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டுகூட அவர்கள் படம் எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் கூட்டைத் தேடிப் போனார்கள்? இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. அன்றைய காமிரா பெரிய பெட்டி. கண்ணாடித் தட்டில்தான் படம் பதியும். தொலைவில் இருப்பதை அருகே கொண்டுவரும் வில்லைகள் இன்றுபோல் இல்லை. பறந்துகொண்டேயிருக்கும் உயிரை அக்கருவியால் துரத்த முடியாது. அது கட்டாயம் திரும்பி வரும் ஓரிடத்தில் காத்திருக்கத்தான் முடியும். அந்த இடம் கூடு. கருவியின் போதாமையால் பிறந்த வழக்கம் அது. இன்று 400, 600 மில்லிமீட்டர் வில்லைகள் வாடகைக்கே கிடைக்கின்றன. ஒரு நொடிக்குப் பத்து, இருபது படங்கள் எடுக்கும் காமிராக்கள் பறக்கும் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துக் குவியம் கொள்கின்றன. போதாமை போய்விட்டது, வழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கியர்ட்டன் சகோதரர்களுக்கு இருந்த காரணம் நமக்கு இல்லை.

கூட்டருகே செல்வதன் விலையைப் பெரும்பாலும் பறவைதான் கொடுக்கிறது. மனிதன் கொடுத்ததும் உண்டு. பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே இரவில் சென்றபோது அது பாய்ந்து தாக்கியதில் இடக்கண்ணை இழந்தார். பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக்குப் பறவைக்காக ஒரு கண் என்று பொருள்படும்படி தலைப்பிட்டார். ஆந்தைக்கு அந்த வலிமை இருந்தது. தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் அது இல்லை. அவை செய்யக்கூடியது ஒன்றுதான்: கூட்டைக் கைவிட்டுப் போவது.

அரசவால் ஈப்பிடிப்பானின் கூட்டைச் சுற்றியுள்ள இலைகளைக் கத்தரித்துவிட்டு எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை நாடாபோல் வால் தொங்க ஆண்பறவை குஞ்சுக்கு இரையூட்டும் காட்சி, மறைப்பில்லாமல், முழு வெளிச்சத்தில் இருக்கும். பார்ப்பவர் வியப்பார். ஆனால் அப்பறவை அக்கிளையைத் தேர்ந்ததே அந்த இலைகளுக்காகத்தான். அவை மழைக்குக் கூரை. வல்லூறுக்கும் காகத்துக்கும் திரை. திரையை நீக்கிப் படம் எடுத்தவர் வீடு திரும்பிவிடுவார். கூடு அப்படியே திறந்து கிடக்கும். இது வெறும் நெறிப் பிரச்சினையும் அன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்துக்குள், காட்டுப்பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியை விட்டுக் காமிராவை எடுத்தோம் என்று பெருமைப்படுகிற நம்மை, சட்டம் மீண்டும் வேட்டைக்காரர் வரிசையில் நிறுத்திவிடுகிறது.

கூட்டை விட்டுவிட்டால் போதுமா என்றால், போதாது. ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் அப்பெயர். மத்திய இந்தியக் காடுகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னகத்துக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. புதருக்குள் சருகைக் கிளறிப் புழு தேடும். எளிதில் கண்ணில் படாது. கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வந்துவிடும். ஏன் வருகிறது? தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு வருகிறது. இல்லாத எதிரியைத் தேடித் திரிகிறது. ஒருவர் ஒருமுறை செய்தால் பெரிய கேடில்லை என்று சொல்லலாம். ஒரே தோப்புக்கு ஞாயிறுதோறும் பலர் வந்து அதையே செய்தால், அப்பறவையின் நாள் எதில் கழியும்?

பூச்சிகளின் நிலை இன்னும் மோசம். பறவைக்காகப் பேசச் சிலராவது உண்டு. கும்பிடுபூச்சிக்காகப் பேசப்போனால் சிரிப்பார்கள். பூச்சியின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு கண்ணறையும் தெரியும்படி எடுக்க வேண்டுமானால், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்கி ஒன்றாக்க வேண்டும். அதுவரை பூச்சி அசையக்கூடாது. அசையாமலிருக்க அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசை தொட்டுக் குச்சியில் ஒட்டவைப்பவர்களும் இருக்கிறார்கள். பிறகு அப்படத்துக்கு 'அதிகாலைத் தியானம்' என்று தலைப்பு வைத்துவிடுகிறோம். பனித்துளி என நாம் வியப்பது சில வேளைகளில் தெளிப்பானில் அடித்த தண்ணீர்தான்.

இதில் வருத்தம் தருவது என்னவென்றால், இதற்கெல்லாம் தேவையே இல்லை. பூச்சிகள் தம் உடற்சூட்டுக்குப் பெரிதும் வெளிவெப்பத்தையே நம்பியிருப்பவை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் எழுமுன் வயல் வரப்புக்குப் போனால், புல் நுனியில் தட்டான் உண்மையான பனித்துளிகளைச் சுமந்துகொண்டு அசையாமல் இருக்கும். வெயில் பட்டுச் சூடேறும்வரை அதனால் பறக்க இயலாது. நமக்கு அரைமணி நேரம் கிடைக்கும். பகலிலும் பல தட்டான்கள் எழுந்து பறந்தாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். துரத்தாமல் உட்கார்ந்திருந்தால் போதும். எருக்கஞ்செடி ஒன்றை ஒரு மாதம் கவனித்து வந்தால், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது, புழு இலையைத் தின்பது, கூட்டுப்புழு தொங்குவது எல்லாம் கண்முன் நடக்கும். வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் தோன்றும் சிறு புழு, சில நாட்களில் பச்சை உடுத்திக்கொள்வதைக் காணலாம். இவற்றுக்கு வேண்டியது குளிர்பதனப் பெட்டி அன்று. அதிகாலையில் எழும் பழக்கமும் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகும் பொறுமையும்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கண்மாய்கள் ஆக்கிரமிக்கப்படுகின்றன; வயல்களில் பூச்சிமருந்து கொட்டப்படுகிறது; நெடுஞ்சாலைக்காகப் புளியமரங்கள் வரிசையாக வெட்டப்படுகின்றன. இவற்றை விட்டுவிட்டு, ஆர்வத்தோடு படமெடுக்கும் நாலு பேரைக் குறைசொல்வது நியாயமா? நியாயமான கேள்விதான். ஒரு கண்மாயைத் தூர்க்கும் லாரி அழிப்பதில் கோடியில் ஒரு பங்கைக்கூட எந்தக் காமிராவும் அழித்ததில்லை. மேலும், படங்களால் நேர்ந்த நன்மையும் பெரிது. 2002-இல் தொடங்கிய ஈபேர்ட், 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் ஆகியவற்றில் எளிய மனிதர்கள் சேர்க்கும் பதிவுகள், எந்த உயிர் எங்கே எப்போது இருந்தது என்பதற்கான சான்றுகளாகின்றன. தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சி 2019-இல் மாநிலச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, அப்பெயரை ஆசையோடு சொன்ன பிள்ளைகளில் பலர் அதைப் படத்தில்தான் முதலில் கண்டிருப்பார்கள்.

ஆயினும் லாரிக்காரர் தாம் பறவையை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நாம் சொல்லிக்கொள்கிறோம். நேசிப்பதாகச் சொல்பவனுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பது நம் வீட்டு நியாயம். கண்மாயைக் காக்க வேண்டும் என்று ஊராரிடம் நாம் பேசப்போகும் நாளில், நம் கையால் ஒரு கூடு அழியவில்லை என்று சொல்லும் தகுதியாவது நமக்கு வேண்டாமா?

இலக்கிய வாசகன் என்ற முறையில் இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. இன்று சிறந்த பறவைப் படம் என்று கொண்டாடப்படுவதன் இலக்கணம் என்ன? சட்டத்தை நிரப்பும் பறவை, கூர்மையான கண், பின்னணியில் ஒன்றுமில்லாத பச்சைக் குழைவு. அது ஊரா, காடா, வயலா என்று தெரியாது. அடையாள அட்டைக்கு எடுத்த படம்போல் பறவை மட்டும் நிற்கும். நம் கவிதை மரபோ இதற்கு நேர் எதிரானது. நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவை, மரம், நீர் எல்லாம் கருப்பொருள். நிலத்திலிருந்து பிரித்தெடுத்த பறவைக்கு அங்கே இடமில்லை. குறுந்தொகையில் கபிலரின் புகழ்பெற்ற பாடலொன்றில், தலைவியின் களவு மணத்துக்குச் சாட்சியாக ஒரு நாரை மட்டும் இருக்கிறது. அந்த நாரை காதலர்களைப் பார்க்கவில்லை. ஓடுநீரில் வரும் மீனையே பார்த்திருக்கிறது. கவிஞர் அதன் காலைக் கண்டார், அது நின்ற நீரைக் கண்டார், அது காத்திருந்த மீனைக் கண்டார். நாரையோ தன் வேலையை விடவில்லை. இயற்கையைப் படமெடுப்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன். நாம் சாட்சியாக இருந்தபோது, அந்த உயிர் தான் செய்துகொண்டிருந்ததைத் தொடர்ந்து செய்ததா? ஆம் என்றால் படம் நல்ல படம். இல்லை என்றால், எத்தனை பரிசு பெற்றாலும் அதில் ஒரு குறை இருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உண்டு. கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக்கூடாது என்பதற்காக, அதைச் சுற்றியுள்ள கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில், ஊர்நடுவே வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. அந்த எச்சத்தையும் வாடையையும் இரைச்சலையும் ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். விழுந்த குஞ்சுகளைப் பேணுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பறவையைப் படமெடுத்தவர்கள் அல்லர். ஆனால் பறவைக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரு மத்தாப்பின் ஓசையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால், விருந்தாளியாகப் போகும் நாம் ஒரு கோணத்தை விட்டுக்கொடுக்கக்கூடாதா?

நான் எனக்கென்று சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டையும் முட்டையையும் எடுப்பதில்லை. தற்செயலாகக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன். பறவை என்னைப் பார்த்துக் கத்தினால் அது பேச்சு, புரிந்துகொள்ள வேண்டிய பேச்சு, என்று எடுத்துக்கொள்கிறேன். புல்லையோ இலையையோ அகற்றுவதில்லை. குறுக்கே இருக்கும் இலையும் படத்தில் இருக்கட்டும். அரிய உயிர் என்றால் துல்லியமான இடத்தைச் சொல்வதில்லை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களே அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தை எப்படி எடுத்தேன் என்பதைப் படத்தின் கீழே எழுதிவிடுகிறேன். கேமராவின் துளை அளவையும் வேகத்தையும் எழுதத் தயங்காத நாம், எத்தனை அடி தொலைவில் நின்றோம், எதையாவது தொட்டோமா, குரல் ஒலிக்கவிட்டோமா என்பதையும் எழுதலாமே. எழுதக் கூசும் ஒன்றைச் செய்யவும் கூசும் என்பது என் அனுபவம்.

சென்ற சித்திரையில் அதே கண்மாய்க்குப் போயிருந்தேன். கரையின் மேலேயே நின்றுகொண்டேன். தொலைவில், கானலுக்கு நடுவே, ஒரு ஆள்காட்டி தரையில் உட்கார்ந்திருந்தது. கரையிலிருந்தே ஒரு படம் எடுத்தேன். அதில் கண்மாயின் வெடிப்புகள் இருக்கின்றன, பனைகள் இருக்கின்றன, ஓரத்தில் யாருடைய ஆடுகளோ இருக்கின்றன. பறவை ஒரு பழுப்புப் புள்ளி. இன்ன பறவை என்று சொன்னால்தான் தெரியும். எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. ஆனால் நான் நின்றிருந்த நேரம் முழுவதும் அது எழுந்திருக்கவில்லை, ஒருமுறைகூடக் கத்தவில்லை.

அந்தப் படத்தைத்தான் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.